தோளில் கிடந்த துண்டு

நீங்கள் தூக்கப்போவது மூட்டை இல்லை, மனுஷன். வார்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், சொல்லியாகிவிட்டது. நான் வீட்டுக்குக் கிளம்பலாம். ஆனால் நான் சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டினீர்கள் பாருங்கள், அதனால்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் இப்படித்தான் ஆட்டினேன். ஆட்டிவிட்டு அரை மணி நேரத்தில் ஒரு கிழவரை அரிசி மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்களில் நாலைந்து பேர் தோளில் துண்டு கிடக்கிறது. கிடக்கட்டும், அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அதுவரை நான் ஹார்பரில் மூட்டை தூக்கியவன். கப்பல் வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. மாதச் சம்பளம் உள்ள வேலையாகப் பார்க்கும்படி வீட்டில் தினமும் நச்சரிப்பு. கொருக்குப்பேட்டை ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் ஒட்டுவாரொட்டி நோய்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஆள் எடுத்தார்கள் என்பதைவிட, ஆள் கிடைக்காமல் தவித்தார்கள் என்பதுதான் சரி. வாந்திபேதி, அம்மை, விஷ ஜுரம் என்று மூன்று வார்டு. அந்தத் தெருப் பக்கம் ஜட்கா வண்டிக்காரன்கூட வரமாட்டான். நான் போய் நின்றேன், தோளைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

என்னை அனுப்பிவைத்தவன் அந்தோணி. ராயபுரத்துக்காரன், எங்கள் கேங்குக்கு மேஸ்திரி, என் தோஸ்து. "போடா மாரி, நீ எங்க பூட்டாலும் நம்ம ஆளுதான்" என்று சொல்லி, தன் தலையில் இருந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டு அனுப்பினான்.

இந்தத் துண்டு சமாசாரத்தை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹார்பரில் தலைக்குச் சும்மாடு கட்டுகிற துண்டு ஒருத்தனுக்குச் சொந்தம் கிடையாது. என் துண்டு நனைந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் துண்டை உருவி முகம் துடைப்பேன். நான் போட்டதை அவன் கட்டிக்கொள்வான். எங்கள் கேங்கில் இந்து, வேதக்காரன், துலுக்கன் எல்லாரும் உண்டு. சேரியிலிருந்து வந்தவனும் உண்டு, சேரிக்காரனுக்குக் கிணற்றில் தண்ணீர் கொடுக்காத தெருவிலிருந்து வந்தவனும் உண்டு. ஆனால் துண்டு மட்டும் எல்லார் தலையிலும் ஏறி இறங்கும். நீட்டின துண்டை ஒருவன் வாங்க மறுத்தாலோ, கேட்ட துண்டைக் கொடுக்க மறுத்தாலோ, அவன் தீட்டுப் பார்க்கிறான் என்று அர்த்தம். அப்படி ஒருத்தன் செய்தான். மறுநாளிலிருந்து அவனோடு மூட்டைக்கு யாரும் கை கொடுக்கவில்லை. அதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை இருந்தது. இப்போதும் எனக்கு இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

கிழவர் கதைக்கு வருகிறேன். படுக்கை மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரே இழுப்பில் எடுத்துத் தோளில் போட்டேன். அவர் தலை என் முதுகுப் பக்கம் தொங்குகிறது, அவர் நனைத்த வேட்டி என் தோளில் ஒட்டியிருக்கிறது, எனக்கோ பலத்தைக் காட்டிவிட்ட குஷி. எதிரே நர்சம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆள் குச்சி மாதிரி இருப்பார். குரலை உயர்த்தாமலே ஆளை நிறுத்திவிடுவார்.

"அவரு என்ன, கப்பல்ல வந்த மூட்டையா? மெதுவா இறக்கும். தலையைப் பிடிச்சுக்கிட்டு இறக்கும்."

இறக்கினேன். கிழவர் கண்ணில் தண்ணீர். வலித்தது என்றுகூட அவர் சொல்லவில்லை. வெட்கத்தில் அழுதிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒருவராகத் தூக்கக்கூடாது, நாலு பேராகத்தான் தூக்க வேண்டும் என்று ஆயிற்று. நாலு பேரும் ஹார்பர் பழக்கம் உள்ளவர்கள்தான். ஆனால் வெறும் கையோடு அமைதியாகத் தூக்கி எங்களுக்குப் பழக்கம் இல்லை. ஹார்பரில் மேஸ்திரி குரல் கொடுப்பான், அந்தக் குரலில்தான் எங்கள் முதுகு நிமிரும். வார்டிலோ சத்தம் போடக்கூடாது என்று சுவரிலேயே எழுதியிருந்தது. ஆளுக்கு ஒரு நேரத்தில் தூக்கினோம். தலைமாடு மேலே வந்தபோது கால்மாடு கட்டிலிலேயே கிடந்தது. ஒரு நாள் ஒரு பையன் உருண்டு விழப் பார்த்தான்.

"ஹார்பர்ல எப்படித் தூக்குவீரு?" என்று நர்சம்மா கேட்டார்.

"கொரலு குடுப்போம்மா."

"அப்ப இங்கேயும் கொடும். சுவத்துல எழுதினதை நான் பாத்துக்கிடுதேன்."

கொடுத்தேன். வார்டே அதிர்ந்தது. ஆனால் நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் என்னை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து அதே குரலைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்து முடித்ததும் கண்ணாடியைக் காட்டினார். பொடிப் பொடியாக எச்சில்.

"இது நோயாளி மூஞ்சியில விழுது. நீரு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கையில அவரு இருமுனா, அது உம்ம வாய்க்குள்ள. வேற வழி இருக்கா, யோசியும்."

வழி இருந்தது, எனக்குத்தான் மறந்திருந்தது. ஹார்பரில் சரக்கு ஏற்றுகிற வின்ச்சு யந்திரம் ஓடும்போது குரல் கேட்காது. அப்போது அந்தோணி, மூட்டையைத் தொங்கவிட்டுத் தூக்குகிற மூங்கில் கழியை விரல் முட்டியால் தட்டுவான். முதல் தட்டுக்குப் பிடி, இரண்டாவதுக்கு மூச்சு, மூன்றாவதுக்குத் தூக்கு. காதுக்குக் கேட்காவிட்டாலும் கழியைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். நகத்தால் கழியை நீளமாகக் கீறினால், நில் என்று அர்த்தம். ஸ்ட்ரெச்சர் கழியில் அதைச் செய்து காட்டினேன். நர்சம்மா சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன். அன்றிலிருந்து வார்டில் தட்டுதான்.

தூக்குவதில் ஒழுங்குக்கு வந்துவிட்டேன். துண்டில்தான் வரவில்லை.

வெளியே கட்டியிருக்கும் துணிக்கொடியில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைய வேண்டும் என்பது சட்டம். துண்டு இல்லாமல் நிற்பது எனக்கு அம்மணமாக நிற்பதுபோல இருந்தது. நர்சம்மா வரும்போது துண்டு கொடியில் இருக்கும், அவர் அடுத்த வார்டுக்குப் போனதும் என் தோளுக்கு வந்துவிடும். என்னமோ பெரிய சாமர்த்தியம் பண்ணுவதாக நினைப்பு. கையை லைசால் மருந்துத் தண்ணீரில் முழங்கை வரை முக்கிக் கழுவுவேன், அதில் குறை சொல்ல முடியாது. கழுவிவிட்டு அந்தத் துண்டில் துடைப்பேன். காலையிலிருந்து எத்தனை படுக்கை விரிப்பு அந்தத் தோளில் உரசியதோ, யார் கண்டது. சாயங்காலம் வேலை முடிந்து ஹார்பர் கேட்டுக்குப் போவேன். அந்தோணி வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவான். கையை நீட்டுவான். துண்டை வீசுவேன். முகம், கழுத்து, வாய் எல்லாம் துடைத்துக்கொண்டு திருப்பி வீசுவான். ஒரு வருஷம் இப்படி.

ஒரு நாள் அவன் கேட்டில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி பிலோமினா அவனைக் கைவண்டியில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். விஷ ஜுரம். நீங்கள் டைபாய்டு என்று சொல்கிறீர்களே, அதுதான்.

"அண்ணே, உன்னிய நம்பித்தான் உள்ள வுடறேன். ரெண்டு புள்ள கீது" என்றாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒவ்வொரு நாளும் மீன் விற்றுவிட்டு வந்து அங்கேயே நின்றாள்.

இரண்டு வாரம் போனது. அந்தோணி பாதியாகிவிட்டான். ஒரு நாள் மத்தியானம் அவன் படுக்கையை மாற்றிவிட்டுக் கையைக் கழுவி, வழக்கம்போலத் துண்டில் துடைக்கிறேன், பின்னாலிருந்து குரல்.

"கழுவுன கையை எதுல துடைச்சீரு?"

துண்டை விரிக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. ஒரு வருஷமாகத் தோளில் போட்டவன் நான், அதுவரை ஒரு தடவைகூட விரித்துப் பார்க்கவில்லை. நர்சம்மா திட்டவில்லை. இடுக்கியால் எடுத்துக் கொதிக்கிற அண்டாவில் போடச் சொன்னார்.

அண்டாவில் அது சுருண்டு மிதப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதைத்தானே அந்தோணிக்கு வீசினேன். முகத்தைத் துடைத்தானே, வாயைத் துடைத்தானே. அங்கேயே நர்சம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

அதற்கு மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. விடாத மழை. காலையில் நான் வேலைக்குப் போகும்போது கால்வாய் பொங்கி ஆஸ்பத்திரி முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். வாந்திபேதி வார்டின் கக்கூஸ் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் இதில் கலந்துவிட்டது. டாக்டர் வரவேண்டிய பாதை மூழ்கிவிட்டது. மூன்றில் பள்ளத்தில் இருந்தது விஷ ஜுர வார்டுதான், அதில் பதினாலு பேர். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு கட்டடம், எல்லாரையும் அங்கே கொண்டுபோக வேண்டும். இருந்தது நாங்கள் நாலு பேர், நர்சம்மா, இரண்டு ஸ்ட்ரெச்சர்.

அன்று விடியற்காலையில் அந்தோணிக்கு ரத்தமாகப் போயிருந்தது. இந்த நோயில் மூன்றாவது வாரத்தில் குடல் நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிடும் என்று நர்சம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு குலுக்கல் போதும், ஆள் போய்விடுவான்.

நான் நேராக அந்தோணி கட்டிலுக்குப் போனேன்.

"அவரு கடைசி" என்றார் நர்சம்மா.

"இன்னாம்மா சொல்றே? தண்ணி ஏறிகினே கீது. இவன் என் தோஸ்தும்மா!"

"தெரியும். மத்தவங்களை ரெண்டு பேராத் தூக்கிரலாம். இவருக்கு நாலு பேரு வேணும், பதறாத கையோட வேணும். இவரை இப்பத் தூக்குனா, மிச்சம் கிடக்கிற பதிமூணு பேரை நெனச்சுக்கிட்டே ஓடுவீரு. அந்த ஓட்டத்துலேயே இவரு செத்துருவாரு."

எனக்கு அவரை அடித்துவிடலாம்போல ஆத்திரம். இருந்தாலும் போய் அடுத்த கட்டிலைப் பிடித்தேன். நியாயம் அவர் பக்கம் என்பது மூளைக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

மேஜை மேல் ஒரு வாளி லைசால். ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னால் அதில் கையை முக்க வேண்டும் என்றார். எங்களில் கபாலி என்பவன் கத்தியேவிட்டான்.

"இன்னாம்மா பேஜாரு இது! முட்டி அளவு கலீஜ் தண்ணில நின்னுகினு கீறோம். இப்போ போயி கை கழுவறதா?"

"வெள்ளம் வந்தா கிருமி லீவு எடுத்துக்கிடுமா? கால் தண்ணியில நிக்கட்டும். நோயாளியைத் தொடுதது கைதானே. முக்கும்."

முக்கினோம். பதிமூன்று பேருக்கும் முக்கினோம். துடைக்கத் துண்டில்லை, உதறிவிட்டுத் தூக்கினோம். ஒரு தடவை என் கை தன்னால் தோளுக்குப் போய் வெறுந்தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

பதிமூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது அந்தோணியின் கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ் விரிப்போடு அவனை இம்மி இம்மியாக, பக்கத்துக் கட்டிலில் வைத்திருந்த ஸ்ட்ரெச்சருக்கு நகர்த்தினோம். கண் மூடியிருந்தான். தலைமாட்டில் நானும் இன்னொருவனும், கால்மாட்டில் கபாலியும் மற்றவனும். நர்சம்மா பக்கத்தில் நின்றார். தகரக் கூரையில் மழை இடித்த இடியில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. என் தட்டு மட்டும்தான் கதி.

முதல் தட்டு. பிடித்தார்கள். இரண்டாவது தட்டு. மூச்சை இழுத்தார்கள். தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றும் இல்லை. மூன்றாவதுக்கு முட்டியை ஓங்கிவிட்டேன்.

கழியில் ஏதோ கீறியது. நீளமான கீறல், என் உள்ளங்கையில் தெரிந்தது. குனிந்து பார்த்தால் அந்தோணியின் கை. ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் கிடந்த கை. சுட்டு விரல் நகம் கழியின் மேல் இருந்தது. கண் திறக்கவில்லை. நில் என்கிறான்.

நின்றேன். ஓங்கின முட்டியை அப்படியே வைத்துக்கொண்டு கால்மாட்டைப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் கபாலியின் கால் ஏதோ வழுக்கலில் அகன்றுகொண்டே போகிறது. அவன் வாயைத் திறந்து என்னமோ கத்துகிறான், மழையில் எனக்குக் கேட்கவில்லை. அவன் பிடித்திருந்த கழியும் கூடவே இழுபட்டு, கால்மாடு ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது. நின்றுகொண்டிருந்த என் கண்ணுக்கு அந்தச் சாய்வு அதுவரை தெரியவில்லை, படுத்திருந்தவன் முதுகுக்குத் தெரிந்தது. நான் மூன்றாவதைத் தட்டியிருந்தால், கபாலி விழுந்திருப்பான், அந்தோணி அவன் மேல் விழுந்திருப்பான்.

கபாலி காலை ஊன்றிக்கொண்டு தலையசைத்தான். மறுபடி ஒன்று, இரண்டு. அந்தோணியின் நகத்தைப் பார்த்தேன். அது அசையவில்லை. மூன்று.

முற்றத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி வைத்தோம். அவன் பிழைத்தான். அதற்குப் பிறகு ரத்தம் போகவில்லை. நீங்கள் மனுஷனைத் தூக்கும்போது அவன் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே தூக்குங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். மூட்டை உங்களிடம் நில் என்று சொல்லாது.

ஐந்து வாரம் கழித்து அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட் வரை கூட நடந்தேன். அந்தப் பக்கம் பிலோமினா நிற்கிறாள். நாலு எட்டு நடந்ததற்கே அவனுக்கு வேர்த்துவிட்டது. நின்றான். பழக்கம், கையை நீட்டினான்.

அன்று கொடியிலிருந்து எடுத்த வேறு துண்டு என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

நீட்டின கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மெதுவாக இறக்கினான். ஹார்பரில் அவ்வளவு வருஷம் ஒன்றாகக் கிடந்தும், அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை.

"இன்னாடா மாரி. ஆஸ்பத்திரிக்காரன் ஆயிட்ட. என்னாண்டயே தீட்டு பாக்கறியா?"

"தீட்டு உன்னாண்ட இல்லடா, அந்தோணி. என்னாண்ட." சொல்லிவிட்டேன். கொடி, தோள், கறை, அண்டா, எல்லாவற்றையும் அந்தக் கேட்டிலேயே நின்று கொட்டிவிட்டேன். "உனுக்கு இந்த ஜொரத்த குடுத்தது நானா இருக்கலாம்டா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நர்சம்மா கேட்டுச்சி. யாரோட சாப்டே, யாரு துண்டைத் தொட்டேன்னு. யாரும் இல்லேன்னுட்டேன். உன் வேலை பூடும்ல?" என்றான். பிலோமினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

எனக்காக அவன் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்யால், நோயை உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறேனா என்றுகூடத் தெரியாமல், ஏழு வாரமாக நான் வார்டு வார்டாகச் சுற்றியிருக்கிறேன். நேரே நர்சம்மாவிடம் போனேன். ரிஜிஸ்டரை எடுத்து அந்தோணியின் பக்கத்தைப் பிரித்தார். நோய் வந்த வழி என்ற இடம் காலியாக இருந்தது.

"நீரு வருவீருன்னு நெனச்சேன். இவ்வளவு நாள் ஆவும்னு நெனைக்கல" என்றார். என்னைச் சொல்லச் சொல்லி எழுதினார். மூன்று வாரம் வார்டுக்குள் விடவில்லை, சோதனை பண்ணினார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை என்று வந்தது. வேலையும் போகவில்லை. ஆனால் துண்டில் இருந்ததா, அந்தோணி குடித்த தண்ணீரில் இருந்ததா, யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தத் தெரியாமை இன்றுவரை என்னை விடவில்லை. விடவும் வேண்டாம்.

அந்தோணி மறுபடி ஹார்பருக்குப் போக நாலு மாதம் ஆனது. அவன் போன முதல் நாள் சாயங்காலம் நான் கேட்டில் நின்றேன், வருவானோ முகத்தைத் திருப்புவானோ என்று. வேர்த்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. தன் தலைத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் வந்து, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை முட்டியால் மூன்று தட்டு தட்டினான். இரண்டு பேரும் டீக்கடைக்கு நடந்தோம்.

என் கதை இவ்வளவுதான். வெளியே கொடி கட்டியிருக்கிறார்கள், உள்ளே வரும்போதே பார்த்தேன். அதில் ஒரு துண்டுகூட இல்லை. எழுந்திருங்கள். போட்டுவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.